முழங்கை வரை வளையல்

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் கழுவிக்கொண்டிருந்த என் கணவர். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசையில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. குமாஸ்தா சம்பளத்துக்கு அடங்காத கார்; எங்கள் பேச்சில் காடி. முன்பணத்துக்காக என் கல்யாண வளையல் நான்கும் அடகுக்கடைக்குப் போயின. நானேதான் கழற்றிக் கொடுத்தேன். காரில் ஏறி உட்கார எனக்கும் ஆசை இருந்தது.

அன்று எனக்கு வளைகாப்பு. செமாபோக்கிலிருந்து அம்மா வருவாள். மருமகன் மேல் அவளுக்கு இருந்த மதிப்பு அன்றோடு போய்விடுமோ என்று பயந்தேன். அதனால் இரண்டு டஜன் கண்ணாடி வளையல்களை விடியும் முன்பே நானே முழங்கை வரை அடுக்கிக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, வர்றவங்க எங்க போடுவாங்க?"

"உங்க காடிக்குப் போடட்டும்."

சிரித்தார். பிறகு, "அடுத்த மாசம் மீட்டுடுறேன்" என்றார். மூன்று மாதமாக அதைத்தான் சொல்லிவந்தார். ஒவ்வொரு முறையும் தானும் நம்பியே சொன்னார்.

பத்து மணிக்கு அம்மா வந்தாள். சந்தனம் பூசக் கையைப் பிடித்தவள், வளையல்களை மேலே தள்ளிப் பார்த்தாள். வாசலில் நின்ற காரையும் ஒருமுறை பார்த்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "என்னாம்மா, ஒங்க பொண்ணுக்கு அவ்ளோ அவசரமா? நாங்க போட எடமே இல்லியே. தங்கத்தையும் காணோம்."

"தங்கம் ஒரசுனா கண்ணாடி ஒடையும்லா. நாந்தான் கழட்டி வைக்கச் சொன்னேன்" என்றாள் அம்மா. என் கையிலிருந்து ஒரு டஜனை உருவி அக்காவிடமே கொடுத்தாள். "நீயே மொதல்ல போடு."

சாப்பாடு முடிந்தது. என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் நேரம். அறைக்குள் அம்மா கை நீட்டினாள். "சீட்டக் குடு." அடகுச்சீட்டை அரிசி டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"மாப்ள, காடியில எண்ணெ இருக்கா?" வெளியே வந்து பெட்ரோலைத்தான் அப்படிக் கேட்டாள் அம்மா.

"இருக்குங்க அத்த."

"அப்ப டவுன் வழியா போங்க."

கண்ணாடி வளையல் உடையக் கூடாது என்று ஊர்ந்தபடி ஓட்டினார். "நல்லாத்தான் ஓடுது" என்றாள் அம்மா. அடகுக்கடை வாசலில் அவள் மட்டும் இறங்கினாள். அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்து பின் சீட்டில் ஏறினாள். என் வளையல் நான்கும் கைக்குட்டையில் இருந்தன. அவள் போட்டிருந்த கெட்டி வளையல் இரண்டும் கையில் இல்லை.