அம்மா என்னிடம் ஒப்படைத்த ஒற்றைத் தாள்

அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திவசத்தன்று வழங்கும் இத்தகைய நினைவு மலரில் நல்லவற்றை மட்டும் எழுதுவதே வழக்கம். அம்மாவைப் பற்றி எழுத எனக்கும் நல்லவைதான் உண்டு. ஆனால் என்னைப் பற்றிய ஒன்றை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத மனம் இடம் தரவில்லை. உறவினரும் நண்பர்களும் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

அம்மா நிலாவெளியில் கரைவலை இழுத்து மீன்பிடிக்கும் ஒரு குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவை மணந்து அன்புவழிபுரத்துக்கு வந்தார். அண்ணாவுக்கு ஏழு வயது, எனக்கு நான்கு வயது இருக்கும்போது அப்பா காலமானார். அதன்பின் அம்மா கிண்ணியாவில் வைத்தியசாலைச் சிற்றூழியராக வேலைக்குச் சேர்ந்தார். பாலம் வராத காலம். விடியுமுன் பேருந்தேறி, படகில் கடல் கடந்து போவார், பொழுதுபடத் திரும்புவார். யுத்தத்தில் இரண்டு முறை இடம்பெயர்ந்தோம். இரண்டாம் முறை திரும்பியபோது வீட்டில் சுவர்கள்தான் எஞ்சியிருந்தன. கூரையை அம்மாவே நின்று போடுவித்தார்.

அண்ணா திருமணமாகி மூன்றாம் ஆண்டிலேயே மாரடைப்பால் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அண்ணிக்குத் திரும்பிப்போகத் தாய்வீடும் இருக்கவில்லை. அவர் அம்மாவுடனேயே தங்கினார். கடைசி இரண்டு ஆண்டுகள் அம்மா பாரிசவாதத்தால் படுக்கையில் கிடந்தபோது குளிப்பாட்டியதும் உணவூட்டியதும் அண்ணியே. நான் மணமுடித்து நகரத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த வாரம், அம்மாவின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஓய்வூதியக் கடதாசிகளுக்கிடையில் அந்தத் தாள் அகப்பட்டது. அம்மாவின் கையெழுத்தில் ஒரு பக்கம். மரணசாசனம், அதாவது உயில், என்று தலைப்பு. வீடும் வளவும் அண்ணிக்கு. ‘அவள் மறுமணம் செய்தாலும் இந்த வீடு அவளுடையதே’ என்று ஒரு வரி. அதை நிறைவேற்ற வேண்டியவராக என்னுடைய பெயர். சட்டப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிஸ் இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும் என்பதை யாரிடமோ கேட்டறிந்திருக்கிறார்; கீழே ஐந்து கையொப்பங்கள் இருந்தன.

அண்ணி அப்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று கிழமை அது என்னிடம் இருந்தது. கிழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. நான் வளர்ந்த வீட்டை அம்மா எனக்குத் தரவில்லை என்ற கோபம் ஒருபுறம். தாள் இல்லாவிட்டால் சட்டப்படி எல்லாம் எனக்கே சேரும் என்ற எண்ணம் மறுபுறம். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணி தன் உடுப்புகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நிலாவெளியில ஒரு அறை பார்த்திருக்கிறன் மச்சாள். இந்த மாதத்துக்குள்ள போயிடுவன். நீங்கள் வாடகை வீட்டில கஷ்டப்படுறீங்கள். இது உங்கட வீடுதானே” என்றார்.

அதில் குத்தல் ஏதும் இல்லை. அதுதான் என்னை நிற்கவிடவில்லை. கைப்பையைத் திறந்து தாளைக் கொடுத்தேன். அண்ணி கதிரையில் அமர்ந்து இரண்டு தரம் வாசித்தார்.

“மாமி எனக்கொண்டும் சொல்லேல்லை” என்றார். பிறகு, “நீங்கள் இதை எப்ப கண்டனீங்கள்?”

“மூண்டு கிழமைக்கு முதல்.”

அண்ணி தாளை மடித்து மடியில் வைத்தார். “இதுக்கு நீங்கள் சம்மதமோ?” என்று மட்டும் கேட்டார்.

“முதல் இல்லை. இப்ப ஓம்.”

சட்டத்தரணி ஒருவரை அமர்த்தலாம் என்று கணவர் சொன்னார். ஒளித்துவைத்தவள் நான், நானே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதுதான் சரியென்று எனக்குப் பட்டது. மரண அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதியின் பிரதி, கிராம சேவகரின் கடிதம் எல்லாம் சேர்த்தேன். மனுவை மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தரம் நீதிமன்ற அலுவலகத்தில் மனுக்களைப் பொறுப்பேற்கும் லிகிதர் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“தாயின்ர உரித்தாளி நீங்கள் ஒராள்தான். இதை ஆட்சேபிக்க உரிமை உள்ளதும் நீங்கள்தான். நீங்களே மனுவும் போடுறீங்களோ?”

“ஓம்” என்றேன்.

அவர் பிழையாக இருந்த இடங்களைப் பென்சிலால் குறித்துத் தந்தார்.

அம்மா கையெழுத்திட்டதை நேரில் கண்டதாகச் சாட்சிகள் சத்தியக்கடதாசி தர வேண்டியிருந்தது. ஐவரும் அம்மாவுடன் வேலை செய்தவர்கள். இருவர் இறந்துவிட்டார்கள், ஒருவர் வெளிநாட்டில். மிஞ்சியிருந்தவர்கள் கிண்ணியாவில் ஒரு தாதியும், மருந்தாளராக இருந்து இளைப்பாறிய ஹனீபா நானாவும். பாலத்தால் பேருந்தில் போய் அவர் வீட்டைத் தேடிப் பிடித்தேன்.

“இரிங்க மகள்” என்று அமரச் செய்து, தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். “இது என்ட கையெழுத்துத்தான். அண்டைக்கு அக்கா எங்க அஞ்சு பேரையும் ஒண்டா நிக்கவச்சுத்தான் ஒப்பம் வாங்கினவ. நான் கேட்டன், ‘மகளுக்கு ஒண்டும் எழுதலியே அக்கா, அவ இதைக் கொண்டுபோய்க் குடுப்பாவா’ எண்டு.”

“அம்மா என்ன சொன்னவ?”

“‘அவளுக்குக் கோபம் வரும். ஆனாக் குடுப்பாள்’ எண்டா.”

நான் அழுததைக் கண்டு அவர் உள்ளே போய்த் தேநீர் கொண்டுவரச் சொன்னார். மூன்று கிழமைக் கதையை அவரிடமும் சொன்னேன். “குடுத்திட்டீங்கதானே” என்றார். அடுத்த விசாரணைத் தவணைக்கு அந்தத் தாதியையும் கூட்டிக்கொண்டு அவரே நீதிமன்றத்துக்கு வந்தார்.

பத்திரிகையில் அறிவித்தல் போட்டோம். எவரும் ஆட்சேபிக்கவில்லை. சில மாதங்களில் மரணசாசனத்தை ஏற்கும் நீதிமன்றக் கட்டளை கிடைத்தது. வீட்டை அண்ணியின் பெயருக்கு மாற்றி நொத்தாரிஸ் எழுதிய உறுதியில் அம்மாவின் சார்பில் நான் ஒப்பமிட்டேன்.

அம்மா நோயுற்றிருந்த நாள்களில் உதவிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அன்புவழிபுரத்து அயலவர்களுக்கும், கிண்ணியாவிலிருந்து வந்த இரு சாட்சிகளுக்கும், பென்சிலால் பிழை திருத்தித் தந்த அந்த லிகிதருக்கும் எங்கள் நன்றி உரித்தாகுக. மூன்று கிழமையைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் கேளாத அண்ணிக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

திவச அழைப்பிதழில் ‘அம்மாவின் இல்லத்தில்’ என்று அச்சாகிவிட்டது. பிழையைத் திருத்தி மறுபடி அச்சடிப்போமா என்று அண்ணியிடம் நீட்டினேன். “இருக்கட்டும் மச்சாள், அப்படியே குடுங்கோ” என்றார். ஆகவே இங்கே எழுதுகிறேன்: இன்று நீங்கள் வந்து அமர்ந்திருப்பது அண்ணியின் வீட்டில். பந்தியில் உங்களுக்குப் பரிமாறுபவர் இந்த வீட்டுக்காரர்.