உப்பும் நீரும் மட்டும்தானா?

"ஆசிட்டேய்... பினாயிலேய்..." என்ற குரல் காதில் விழுவதற்கு முன்பே மூக்கு எரியத் தொடங்கிவிடும். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் ஞாயிற்றுக்கிழமையின் வாசனை அதுதான். வண்டிக்காரரிடம் பாட்டிலில் வாங்கிய ஆசிட்டை, கறை பிடித்த பாத்ரூம் தரையில் அம்மா ஊற்றினால் அது "புஸ்"ஸென்று நுரைத்துப் பொங்கும். "அழுக்கு போவுது பாரு" என்பாள். போனது அழுக்கு மட்டுமல்ல, தரையின் சிமெண்டும்தான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் ஒன்பதாவது படித்தபோது, ஒருநாள் அந்தப் பாட்டில் வழுக்கி அம்மாவின் வலது பாதத்தில் கொட்டியது. அலறல் கேட்டு, கீழ்வீட்டு டியூஷன் சார் ஓடிவந்தார். எங்கள் பிளாக் பிள்ளைகளுக்கெல்லாம் அறிவியல் சொல்லித்தந்தவர். தண்ணீர் டிரம்மை நோக்கி நொண்டிய அம்மாவை, "தண்ணி வேணாம்மா! அமிலத்துக்குக் காரம்தான் மருந்து" என்று தடுத்து, தம் வீட்டு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து அப்பினார். காரம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? மிளகாயை அரைத்துப் பூசியதுபோல அம்மா துடித்தாள். "வேல செய்யுதும்மா, பொறுத்துக்குங்க" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கத்தினார்: "குழாயத் தொறந்து கால நீட்டியிருந்தா போதுமே! சுண்ணாம்பு வெக்கச் சொன்ன புத்திசாலி யாரு? ரெண்டும் சேர்ந்தா சூடு கெளம்பாதா?"

அடுத்த வாரமே அதே சார், "அமிலமும் காரமும் வினைபுரிந்து உப்பும் நீரும் உண்டாகும்" என்று எங்களுக்குச் சொல்லி எழுதவைத்தார். "சூடும் வருமே சார்?" என்றேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது" என்றார். மாடியில் அம்மா கட்டுப்போட்ட காலோடு கிடக்கிறாள், இவருக்கு அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்க மனம் வரவில்லை! பதற்றத்தில் யாரும் தவறு செய்யலாம். வெந்த காலைப் பார்த்த பிறகும் பழைய பாட்டையே பாடுகிறவரை என்னவென்று சொல்வது? அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இப்போது நாங்கள் பாரிவாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். வண்டியும் இல்லை, குரலும் இல்லை. போனில் ஆர்டர் போட்டால், எலுமிச்சை மணம் பூசிக்கொண்டு அதே ஆசிட் வாசலுக்கே வந்துவிடுகிறது. போன வாரம் என் மகள் உரக்க உருப்போட்டுக்கொண்டிருந்தாள்: "உப்பும் நீரும், உப்பும் நீரும்."

"வெப்பமும்னு சேத்துக்கோடி" என்றேன்.

"அதுக்கு மார்க் கெடையாதும்மா."

சோபாவில் நீட்டியிருந்த காலை, தோல் சுருங்கிக் கறுத்த அந்தப் பாதத்தை, அம்மா மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மார்க் இல்லன்னா சுடாதாமா?" என்றாள்.