தென்காசிக்குப் போய் உப்புத் தண்ணீரைத் தேடிய கதை

சீசனில் தென்காசிக்குப் போனேன் என்றால், "அருவியில குளிச்சீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ஜூலையில் நான் போனது, கெட்டுப்போன நிலத்தடி நீரை மின்சாரம் விட்டு அளப்பதற்கு. பிழைப்பு அப்படி. குற்றாலத்தில் அறை கிடைக்காமல் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் தங்கினேன். அதுவே வசதியாகப் போயிற்று.

காலை ஏழு மணிக்கு ஆட்டோ பிடித்து, ஆலங்குளம் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர். பாதி வழியிலேயே சாரல் நின்று வெயில் அடித்தது.

தோட்டத்துச் சொந்தக்காரர் செல்லத்துரை அண்ணாச்சி ஓய்வுபெற்ற போலீஸ்காரர். மேற்கே மூடிக்கிடக்கும் சாயப்பட்டறையின் கழிவு இறங்கி அவர் கிணறு உப்பாகிவிட்டது. வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர். புது போர் போடுவதற்காக, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து இடம் குறித்து, கல் நட்டுக் குங்குமமும் வைத்திருந்தார். மறுநாள் போர் வண்டி வருகிறது.

இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, மின்சாரம் செலுத்தி, மண்ணின் தடையை அளந்துகொண்டே போனேன். குங்குமக் கல்லருகே எண் சரசரவென்று இறங்கி, ஐந்து ஓம்-மீட்டரில் நின்றது.

"கரண்டு நல்லா பாயுதுன்னா தண்ணி இருக்குல்லா? நான் அப்பமே சொன்னம்லா!" அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இருக்கு அண்ணாச்சி. ஆனா உப்பு கரைஞ்ச தண்ணியிலதான் கரண்ட் இவ்வளவு நல்லா பாயும். இங்க போட்டா உங்க கிணத்துத் தண்ணியேதான் வரும்."

சிரிப்பு போய்விட்டது. எனக்கே சங்கடமாக இருந்தது.

மதியத்துக்குள் அந்த உப்புத்தடம் கிழக்கே போவது தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தம்பியின் கிணறு, இன்னும் நல்ல தண்ணீர். பாகப்பிரிவினைச் சண்டையில் இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லையாம். அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் மோட்டார் போட்டா இங்கன உள்ளது அங்கன போயிருமோ?"

"இழுக்கும். பாதி தூரம் ஏற்கனவே போயாச்சு."

"போவட்டும். பங்கு கேட்டான்லா, இதுலயும் எடுத்துக்கிடட்டும்."

நான் ஒயரைச் சுருட்டப் போய்விட்டேன். போர் போடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தடை குறைவு என்றால் நல்ல தண்ணீர் என்று அர்த்தமில்லை. முதலில் பக்கத்துக் கிணறுகளின் உப்பைச் சோதித்துப் பாருங்கள். இந்தப் பக்கம் வந்தால் தொப்பி அவசியம்.

நிமிர்ந்து பார்த்தால் அண்ணாச்சி வேலியோரம் நின்று தம்பியைக் கூப்பிடுகிறார்.

"ஏலே முருகா! மோட்டார நிறுத்துலே! பிள்ளைங்க குடிக்கிற தண்ணிலே அது!"

சற்று நேரத்தில் மோட்டார் நின்றது.