முப்பத்தெட்டுப் பேரும் ஒரு மூட்டையும்

என் தம்பி ஜீவராஜுக்கு நாற்பது வயது நடக்கிறது. எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், அவன்தான் பிட்டர். கொழுந்து உருட்டுகிற மெசின் நின்றுபோனால் தொரையே அவனைத் தேடி ஆள் அனுப்புவார். அப்படிப்பட்டவன் வீட்டில் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் கூசுகிறது. யோகட் கப் கழுவிக் காயப்போடுகிறான். எந்த வீட்டில் யார் யோகட் சாப்பிட்டாலும் கப் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பற்பசை டியூப், காலி மாத்திரை அட்டை, தேயிலை பக்கெட்டின் உள்தாள், எதையும் குப்பையில் போட விடமாட்டான். என் காதுக் கம்மலின் திருகாணி ஒன்று காணாமல் போனது. இரண்டு வாரம் வீடெல்லாம் கூட்டிப் பெருக்கித் தேடினேன். கடைசியில் அது ஒரு விரல் நீள லொறியின் எண்ணெய் டேங்குக்கு மூடியாக இருந்தது. தங்கத் திருகாணி. பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தான்.

இந்தப் பைத்தியம் கொழும்பில் பிடித்தது. ஓ.எல். சோதனை எழுதிய கையோடு புறக்கோட்டையில் ஒரு மின்சாமான் கடைக்கு வேலைக்குப் போனான். அங்கே முதலாளியின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டியை, தனக்குப் பொறுமையில்லை என்று இவனிடம் தள்ளிவிட்டிருக்கிறான். உள்ளே யுத்த டாங்கி ஒன்று, நூற்றுக்கணக்கான துண்டுகளாக. நறுக்கி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். அன்றைக்குத் தொடங்கியதுதான். ஆறு வருஷம் கழித்து இவன் ஊருக்கு வந்தபோது பையில் உடுத்த இரண்டு சேட்டும் நாலு டாங்கியும் இருந்தன. கொழும்பு போன மற்றவர்கள் வீட்டுக்கு டீவி கொண்டுவந்தார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும். அவன் முதல் சம்பளத்தில் வாங்கியது எனக்கு ஒரு கைத் தையல் மெசின். மரப் பெட்டியோடு, புதுசு. என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த மெசின்தான் எனக்குச் சோறு போட்டது.

யுத்த வாகனம் நமக்கு எதுக்குடா, வேறு ஏதாவது காரைச் செய்யேன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எந்த ரோட்டிலும் ஏறுகிற வண்டிதான் வண்டி என்பான். எங்கள் தோட்டத்து ரோட்டைப் பார்த்தால் அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எப்படியோ, பதினேழு வாகனங்கள் செய்து, லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறையான காம்பராவின் பின்சுவரில் பலகை அடித்து அடுக்கியிருந்தான். நான் திட்டிக்கொண்டே தூசு தட்டுவேன்.

அந்தப் பதினேழும் போன வருஷம் கார்த்திகையில் மண்ணுக்குள் போயின. மூன்று நாள் விடாத மழை. மேல் டிவிசனில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. பின்னேரம் நாலு மணிக்கு ஆமி லொறி ஒன்று எப்படியோ மேலே ஏறி வந்தது. ஆமிக்காரர்கள் இறங்கியதும், "படு எபா, மினிஸ்ஸு விதரய்" என்று கத்தினார்கள். சாமான் வேண்டாம், ஆட்கள் மட்டும். ஆளுக்கொரு துணி மூட்டையோடு ஏறினோம். ஜீவராஜ் கீழே நின்று கிழடுகளையும் பிள்ளைகளையும் தூக்கி ஏற்றினான்.

சின்னத்தம்பி மாமா கடைசியாக வந்தார். எங்கள் பக்கத்துக் காம்பராக்காரர். சொந்தமில்லை, ஆனால் எங்கள் அப்பா செத்த நாளிலிருந்து எங்கள் தகரத்துக்கு ஆணி அடித்தது முதல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தது வரை எல்லாம் அவர்தான். கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிடப் போனதில் தாமதமாகிவிட்டது. லொறிக்குள் மூச்சுவிட இடமில்லை. பின்னால் தொங்கிக்கொண்டு வர அவரால் முடியாது, எழுபத்தொரு வயது, ஒரு முழங்கால் மடங்காது. ஜீவராஜ் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தான். அடுத்த டிரிப்பில் வாங்க மாமா, அரை மணித்தியாலம்தான் என்று சொல்லிவிட்டுப் பின்பலகையை மேலே தூக்கிப் பூட்டி, அதன் வெளிப்பக்கம் தொத்திக்கொண்டான். அவரும் சரி தம்பி, பார்த்துப் போங்க என்று கை காட்டினார்.

அடுத்த டிரிப் போகவில்லை. எங்களை லிந்துலையில் இறக்கிவிட்டு லொறி திரும்பியபோது ரோடு இல்லை. ஜீவராஜும் அதில்தான் போனான், சேற்றில் நடந்தும் பார்த்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் மலை லயத்தின்மேல் வந்துவிட்டது. மாமாவை நாலாம் நாள் எடுத்தார்கள்.

அவருடைய ஒரே மகள் வினோதா கொழும்பில் கார்மெண்ட் ஃபெக்டரியில் வேலை செய்கிறாள். இழவுக்கு வந்தவள் கூச்சல் போட்டு அழவில்லை. எங்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அத்தன பேரு வந்தீங்களே. எங்கப்பாவுக்கு மட்டும் ஒரு எடம் இல்லாமப் போச்சா?"

ஜீவராஜ் தரையைப் பார்த்தபடி நின்றான்.

எங்களுக்குக் கீழ் டிவிசனில் ஒரு பழைய காம்பரா கொடுத்தார்கள். மூன்று மாதம் இவன் எந்தப் பசையையும் தொடவில்லை. விட்டது சனியன் என்று நினைத்தேன். பிறகு கொழும்பு நண்பன் அனுப்பியதாக ஒரு பெட்டி வந்தது. ஏதோ ஒரு நாட்டு ஆமி லொறி. அதைப் பிரித்து, சக்கரத்தையும் அச்சையும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவிட்டான். எங்களை ஏற்றி வந்த லொறி மாதிரி உலகத்தில் எவனும் பெட்டியில் போட்டு விற்கவில்லையாம். அதனால் எல்லாவற்றையும் இவனே செய்ய வேண்டுமாம். முன்முகமும் பெட்டியும் யோகட் கப்பில் வெட்டியது. மேலே மூடுகிற தறப்பாளுக்குக் கம்பி செப்பு வயரில். தறப்பாள், தேயிலைத் தாளைப் பசைத் தண்ணீரில் நனைத்து மடித்தது. பின்பலகையின் கொண்டியை மட்டும் ஒன்பது தடவை செய்தான். திறந்து மூட வேண்டுமாம், உண்மையானது போல.

எல்லாம் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அளவு வேண்டுமென்று ஒருநாள் தலவாக்கலையில் ரோட்டோரம் நின்ற ஆமி லொறியை டேப் வைத்து அளந்திருக்கிறான். கேட்டதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு தமிழன் ஆமி வண்டியை அளக்கலாமா, உனக்கு மூளை இருக்கிறதா என்று சட்டியைத் தரையில் போட்டேன். இவன் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னானாம். அந்த ஆமிக்காரப் பையன் டேப்பின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டானாம்.

லொறி முடிந்தால் விட்டுவிடுவான் என்று பார்த்தேன். எங்கே விட்டான்! அன்றைக்கு உள்ளே இருந்த முப்பத்தெட்டுப் பேரையும் செய்யத் தொடங்கினான். கம்பியில் எலும்பு, குழாய் ஒழுக்கு அடைக்கிற பசையில் உடம்பு. என் இஞ்சி டேப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து இடுப்பையும் தோளையும் அளந்தான். அம்மாக்கண்ணு பெரியம்மா சட்டை தைக்க அளவெடுக்கிறான் என்றே நினைத்து, சட்டை எப்போது வரும் என்று ஒரு மாதம் என் பிராணனை வாங்கியது.

அளப்பதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. யார் எங்கே இருந்தீங்க, காலை நீட்டினீங்களா மடக்கினீங்களா, மூட்டையில் என்ன இருந்தது என்று கேட்டான். அதில்தான் ஊரே கொதித்துவிட்டது. ஸ்டோரில் இவனோடு வேலை செய்கிற சுமனும் அன்றைக்கு லொறியில் வந்தவன்; அவன் இவன் சட்டையைப் பிடித்து, நாங்க என்ன மாமாவ கொன்னவங்களாடா என்று கேட்டிருக்கிறான். இவன் நிதானமாக, இல்ல, பூட்டினது நான், அதனாலதான் கேக்குறேன் என்றானாம். அதற்குப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். எல்லோரிடமும் ஒரே பதில்தான், துணி. அம்மாக்கண்ணு பெரியம்மா மட்டும், துணிக்குள் ஒரு சேவல் இருந்தது, அதையும் செய்வியா என்று கேட்டது. அரிசி மணி அளவுக்கு அதையும் செய்தான்.

என்னிடமும் கேட்டான். நான் அடுப்பை ஊதிக்கொண்டே, "துணிதான்டா. வேற என்னா?" என்றேன்.

ஆடித் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது எல்லாம் முடிந்தது. ஒரு பின்னேரம் நான் வேலை முடிந்து வரும்போது அந்த லொறியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. முப்பத்தெட்டுப் பேரும் உள்ளே அடைந்திருந்தார்கள். முன்பக்க இடது மூலையில் சுவரோடு சாய்ந்து ஒரு பொம்பிளை, அது நான். என் பக்கத்தில் என் மூட்டை. அந்த மூட்டையை எடுத்து என் மடியில் வைத்தான். மூட்டை இருந்த இடத்தில், ஒரு காலை நீட்டிய ஒரு கிழவனை இறக்கினான். பொருந்தியது.

"எடம் இருந்திருக்கு அக்கா," என்றான். "நான் சரியாப் பாக்காமப் பூட்டிட்டேன்."

பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் என்னடா தெரியும், மழையிலும் பயத்திலும் இருந்தவர்களை ஸ்கேலால் அளக்க முடியுமா என்று கத்தினேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வினோதா திருவிழாவுக்கு வருகிறாள், அவளிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்றான். உங்கப்பாவுக்கு இடம் இருந்தது, நான்தான் கதவைப் பூட்டிவிட்டேன் என்று. அன்றையிலிருந்து சாப்பாட்டைத் தொடுவதில்லை. ஸ்டோரில் உருட்டு மெசினில் கையைக் கொடுக்கப் பார்த்தான் என்று சுமன் வந்து சொன்னான். கவனப்பிசகு என்றான் இவன்.

இனி நான் சொல்லியாக வேண்டும். என் மூட்டையில் துணி இல்லை. இரண்டு போர்வைக்குள் தையல் மெசின் இருந்தது. சாமான் வேண்டாம் என்று சொன்னது எனக்கும் கேட்டது. அதனால்தான் முதல் ஆளாக ஏறி மூலையைப் பிடித்தேன். மூட்டையைத் தூக்கிவிட்ட அம்மாக்கண்ணு பெரியம்மா அதை அரிசி என்று நினைத்தது. மரப்பெட்டியும் இரும்புமாக அந்தப் பாரத்தை மடியில் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பக்கத்தில், ஒரு ஆள் குந்துகிற இடத்தில் வைத்தேன். லிந்துலையில் இறங்கியதும், தம்பி திரும்பிப் போன நேரத்தில், துணிக்கடை ரஸீனாவிடம் கொண்டுபோய்ப் போட்டேன். மாமா செய்தி வந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு முகம் இல்லை. கடை மெசினில் தைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எட்டு மாதமாக என் மெசினில்தான் தைக்கிறேன். பாவம், உன் மெசினும் மண்ணோட போச்சே என்று தம்பி எத்தனை தடவை சொன்னான்! ஒவ்வொரு தடவையும் நான் அவன்மேல் எரிந்து விழுந்தேன். யோகட் கப் மேல் எனக்கு என்ன கோபம்? இப்போது தெரிகிறதுதானே.

சனிக்கிழமை காலையில் ரஸீனாவிடம் மெசினைக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும். அதே போர்வையை எடுத்துத் தந்து, த்ரீவீல் ஆட்டோ வரை ஒரு பக்கம் தூக்கிவந்தாள்.

வீட்டில் லொறியைத் தள்ளிவிட்டு மேசைமேல் மூட்டையை வைத்தேன்.

"இதுதான் என் மூட்ட. அளந்துக்க."

முடிச்சை அவிழ்த்தான். மரப்பெட்டியின் மூடியில் கையை வைத்தான், அப்படியே வைத்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏசுவான், அடிப்பான், அக்கா என்று இனிக் கூப்பிடமாட்டான் என்று சுவரைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தேன். அவன் இஞ்சி டேப்பை எடுத்தான்.

"கைப்பிடி எந்தப் பக்கம் இருந்திச்சி?"

"அதுவுமாடா வேணும் ஒனக்கு?"

"வேணும்."

"எம் பக்கம். தொடையில குத்திக்கிட்டே வந்திச்சி."

யோகட் கப்பில் ஒரு துண்டு வெட்டினான். மடித்தான், ஒட்டினான், தாளைச் சுற்றினான். அன்று பகல் முழுதும் அதற்குப் போனது. என் மடியிலிருந்த துணி மூட்டையை எடுத்துவிட்டு இதை மூலையில் வைத்தான். கிழவனை இறக்கிப் பார்த்தான். நீட்டிய கால் முட்டியது. திருப்பிப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான். பிறகு கிழவனை எடுத்து வெளியே மேசைமேல் நிறுத்தினான்.

"எடம் இல்ல," என்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு முழு மூச்சு வந்தது. எனக்கு அந்த நேரத்தில் நின்றுபோனது. மெசினை இறக்கியிருந்தால் இடம் இருந்திருக்கும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வினோதாவிடம் நான் போய்ச் சொல்கிறேன், நீ வர வேண்டாம் என்றேன். நானும் வருகிறேன், பூட்டியது நான்தானே என்றான். வேண்டாம் என்றால் கேட்கிற ஜென்மமா அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், இவன் லொறியை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து இறக்கிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத எதுக்குடா தூக்கிட்டு வார?"

"அவ கேட்டாளே அக்கா. பாக்கணும்னு சொன்னா காட்டணும்ல."

இரவல் வாங்கிய த்ரீவீலை அவன் ஓட்டினான். குழி வருகிற இடத்திலெல்லாம் பார்த்துக்க, பார்த்துக்க என்று பின்னால் திரும்பிச் சொல்லிக்கொண்டே வந்தான். போகிற வழியெல்லாம் பெட்டி என் மடியில்தான் இருந்தது.