மூன்றாவது சாப்டரில் ஒரு ஓட்டை

கணக்கில் பிஎச்டி செய்கிறவர்களுக்கு ஒரு கஷ்டம்: மும்முரமாக வேலை செய்யும்போதுதான் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் படியேறிய சக ஆய்வாளர்களே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சுவரும் பூண்டும்

ராஜபாளையத்தில் எங்கள் வீடு ஒரே அறை. ஒரு தேற்றத்தை நிரூபிக்க, சுவரைப் பார்த்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். மில்லில் ஷிப்ட் முடித்து வரும் அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள். உரிக்கச் சொல்லி ஒரு முறம் பூண்டை என் மடியில் வைத்துவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவால்தான் பொறுக்க முடியவில்லை.

"கையில ஒரு புஸ்தகமாச்சும் வச்சுக்க தாயி, பாக்கிறவுகளுக்குப் பயமா இருக்குல்ல!"

கிளியர்லி

நிரூபிக்கச் சோம்பலாக இருக்கும் இடத்தில் 'கிளியர்லி' என்று எழுதித் தாண்டிவிடுவது எங்கள் தொழில் ரகசியம். 'இது தெளிவு' என்று அர்த்தம். ஸ்ரீவில்லிபுத்தூரில் காலேஜ் முடிந்து பஸ்ஸில் வரும்போது என் ஆய்வேட்டின் மூன்றாவது சாப்டரைப் புரட்டினேன். அங்கே நான் போட்டிருந்த கிளியர்லி தெளிவே இல்லை. அந்த ஓட்டையை அடைக்காவிட்டால் இரண்டு வருட உழைப்பு போச்சு, பட்டமும் போச்சு. நின்றபடியே அழுதுவிட்டேன்.

கண்டக்டர் பதறிப்போனார். "என்னம்மா, டிக்கெட்டத் தொலைச்சிட்டியா? செக்கிங் வந்தா நான் சொல்லிக்கிறேன், அழாத."

தினசரி விசாரணை

அன்று வீட்டிலும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். கணக்கு புரியாவிட்டாலும் ஓட்டை என்றால் என்னவென்று அம்மாவுக்குப் புரிந்தது. மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றும்போதே, "ஏட்டி, அடைஞ்சிச்சா?" என்று கேட்பாள். ஏழு மாதமும் 'இல்லை' என்றேன். ஒரு சாயங்காலம் பாதிப் பூண்டு உரித்திருந்தபோது வழி தெரிந்துவிட்டது. ஒரு நிபந்தனை கூடுதலாகப் போட வேண்டும்; தேற்றம் கொஞ்சம் சின்னதாகிவிடும், ஆனால் நிற்கும். கத்தியை வைத்துவிட்டுக் கூத்தாடினேன்.

அம்மா முறத்தைப் பார்த்தாள். "சரி, மிச்சத்த யாரு உரிப்பா?"

சபையில் ஒரு கேள்வி

எங்கள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். வழக்கமாக யாரும் கேட்பதில்லை, டீ ஆறிவிடும். என் வைவாவில், லீவு போட்டு வந்திருந்த அம்மா எழுந்து நின்றாள்.

"சார், மூணாவது சாப்டர்ல அந்தக் கிளியர்லி கிட்ட ஒரு ஓட்ட இருந்துச்சு. அடச்சிட்டேன்னு சொல்றா. சரியா அடச்சிருக்காளான்னு செத்த பாத்துச் சொல்லுங்க."

வெளியூர்த் தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டார். வரி வரியாக எழுதிக் காட்டினேன். கடைசி வரி வரை பார்த்தவர், என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"சரியா அடச்சிருக்காங்கம்மா. இத்தன வருசமா எத்தனையோ கிளியர்லியத் தாண்டிப் போயிருக்கேன்; நிறுத்தி வச்சுக் கேட்டது நீங்கதான்."

ஆக, சக ஆய்வாளர்களே, இப்போது நான் டாக்டர். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் பூண்டு மட்டும் முன்னைப்போலவே மடிக்கு வந்துவிடுகிறது.