படலையில் கழற்றிய செருப்பு

புளியங்குளம் சந்தியிலிருந்து உள்ளே போகும் கிரவல் ரோட்டில் விடிய ஐந்தரைக்கு ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் அது கௌசலாதான். பின்னால் இரண்டு பால் கான்கள், முன்னால் ஒரு வாளி, தலையில் புருசனின் பழைய ஹெல்மெட். இருபத்துமூன்று வீடுகளில் பால் எடுத்து எட்டரைக்குள் சந்தியிலுள்ள சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். புருசன் பிரதீபனுக்குக் கொழும்பில் கட்டட வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வந்து மூன்று நாள் நித்திரை கொண்டுவிட்டுப் போவான். ஆகவே வீட்டில் கௌசலாவும் சிட்டு என்ற செம்மண் நிற நாயும்தான்.

சிட்டு மற்ற நாய்களைப்போல இல்லை என்று கௌசலா சொல்வாள். நாய் வளர்க்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் காட்டு ஓரத்தில் யானை நிற்கும்போது சிட்டு குரைக்கிற குரைப்பு வேறு என்பதை ஊரே ஒப்புக்கொள்ளும். அதனால் அது குட்டித்தாய்ச்சி என்று தெரிந்த அன்றே பால் வீடுகளில் நான்கு பேர் ஆளுக்கொரு குட்டி சொல்லி வைத்துவிட்டார்கள்.

போன வருடமும் சொல்லித்தான் வைத்தார்கள். அப்போது சிட்டு வீட்டு வாசற்படிக்குப் பக்கத்தில், செருப்பு கழற்றி வைக்கிற இடமாகப் பார்த்து, நான்கு குட்டி போட்டது. வருகிறவர்கள் எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள். செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அந்தச் செருப்புகளின்மேல் குட்டிகள் படுத்துக் கிடந்தன, வாரைக் கடித்து இழுத்தன, நக்கின. கௌசலா அதைப் படமெடுத்துப் பிரதீபனுக்கு அனுப்பினாள். ஒன்றரை மாதமாகும்போது, ஆறாவது கிழமை, ஒரு குட்டி பால் குடிக்காமல் சுருண்டது. பிறகு குடித்ததெல்லாம் சத்தியாக வெளியே வந்தது, பிறகு இரத்தமாக வயிற்றோட்டம். மூன்றே நாளில் நான்கும் போய்விட்டன. சிட்டு ஒவ்வொரு செருப்பாக மோந்துகொண்டு திரிந்தது.

ஊரில் கண்ணூறு என்றார்கள். ஆனால் மாடு பார்க்க வரும் மிருக வைத்தியர் சாரங்கா, வயதில் சின்னப்பெண், வேறு கதை சொன்னாள்.

"இது பார்வோ எண்ட வைரஸ் அக்கா. கண்ணால வராது, காலால வரும். செருப்பில, டயரில, கையில ஒட்டிக்கொண்டு வந்து மண்ணில மாதக்கணக்காக் கிடக்கும். ஒரு நாளைக்கு நீங்கள் எத்தினை வீட்டு வளவுக்க போறனீங்கள்?"

கௌசலா மனசுக்குள் வீடுகளை எண்ணினாள். குட்டிகள் சாகிறதுக்கு முந்தின கிழமை ஒரு பால் வீட்டு முற்றத்தில் ஏதோ அசுத்தத்தை மிதித்து, புல்லில் தேய்த்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அந்தச் செருப்பை அவள் வாசற்படியில்தான் கழற்றி வைத்தாள். இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை, பிரதீபனுக்குக்கூட. கண்ணூறு என்றவர்களுக்கு ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டாள்.

இந்தமுறை அவள் விடுவதாக இல்லை. சிட்டுவுக்கு முன்கூட்டியே ஊசி போட்டாள். போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் அவர்கள் குடியிருந்த தகரக்கொட்டில் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. அதன் சீமெந்து நிலத்தை மஞ்சளும் டெற்றோலும் கரைத்துக் கழுவிவிட்டுப் பெருமையாகச் சொன்னபோது சாரங்கா சிரித்தேவிட்டாள்.

"அந்த வைரஸ் இதுக்கெல்லாம் அசையாது அக்கா. நல்லாத் தேய்ச்சுக் கழுவிப்போட்டு, கிணத்துக்குப் போடுற குளோரினைக் கரைச்சு ஊத்திப் பத்து நிமிசம் விடுங்கோ. தாய்ப்பாலில வாற பாதுகாப்புக் கொஞ்ச நாளைக்குத்தான். ஆறு கிழமையில முதல் ஊசி, பிறகு இன்னும் ரெண்டு. கடைசி ஊசிக்குப் பிறகும் ரெண்டு கிழமை போகவேணும். அதுவரைக்கும் ஒருத்தரையும் கிட்ட விடாதேங்கோ."

சிட்டு ஐந்து குட்டி போட்டது. போட்ட இரண்டாம் நாளே ஒன்றைக் கவ்விக்கொண்டு பழைய இடத்துக்கு, அந்த வாசற்படிக்கே நடக்கத் தொடங்கியது. கௌசலா வழிமறித்து, "அங்க வேண்டாமடி, அங்க வேண்டாம்" என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினாள். பிறகு கொட்டிலுக்குப் பாதிக்கதவு வைத்தாள். ரோட்டுப்பக்கம் திறக்கும் படலையில் ஒரு பேசினில் குளோரின் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு பலகையையும் தொங்கவிட்டாள்: 'செருப்பை இங்கே கழற்றவும்.' தானும் பால் வேலை முடிந்து வந்ததும் படலையிலேயே செருப்பைக் கழற்றி, ஸ்கூட்டி டயரைக் கழுவி, குளித்து, உடுப்பு மாற்றித்தான் கொட்டிலுக்குப் போவாள். பால் வீடுகளிலும் இனி முற்றத்துக்குள் வரமாட்டேன், பாலைப் படலைக்குக் கொண்டு வாங்கோ என்று சொல்லிவிட்டாள். "அம்மா பெரிய இடம், கீழ இறங்க மாட்டா" என்று நையாண்டி பண்ணினார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒருவருடைய கோபத்தைத்தான் அவளால் அப்படி விட முடியவில்லை. அது பெரியப்பா முத்துலிங்கம். எழுபத்தேழாம் ஆண்டில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தம்பியோடு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர். தம்பி போனபிறகு தம்பி மகளுக்கு அவர்தான் தகப்பன். வெள்ளைச் சேட்டும் பளபளக்கும் தோல் செருப்பும் இல்லாமல் ரோட்டில் இறங்கமாட்டார். வழமைபோல ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய்ப் பையோடு வந்தவர் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"யாருக்கு இது? எனக்குமா?"

"எல்லாருக்கும்தான் பெரியப்பா. குட்டியளுக்கு நோய் வந்திடும்."

"தொர பங்களாவ தாண்டுறப்ப எங்கப்பா செருப்ப கழட்டி கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் போவாரு. மழையா இருந்தாலும் கழட்டணும். அத பாத்து வளந்தவன் நான். கேட்டுல நின்னு செருப்ப கழட்டக்கூடாதுன்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். இப்ப எம்மக வீட்டு கேட்டுலயே கழட்டவா?"

பையை வேலியில் மாட்டிவிட்டு வந்த வழியே நடந்தார். கௌசலாவுக்கு ஓடிப்போய் மறிக்க வேண்டும்போல இருந்தது. மறித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வரவில்லை.

குட்டிகளுக்கு ஐந்தாவது கிழமை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் விடியப் பால் வீட்டு விமலேஸ்வரி அக்கா பாலோடு படலைக்கு வரவில்லை; உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் அவர்களுடைய சின்ன நாய்க்குட்டி வெயிலில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தது. கௌசலா தன் சட்டம் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே மறந்துபோனாள். ஓடிப்போய்த் தூக்கி மடியில் வைத்து, நிழலில் உட்கார்ந்து தடவிக் கொடுத்தாள். அது அவள் மடியிலேயே அடங்கியது. சட்டையில் ஊறிய ஈரத்தைப் பார்த்தபிறகுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது. இரத்தம்.

ரோட்டுக்கு வந்து சாரங்காவுக்குப் போன் எடுத்தாள்.

"தலையோட குளியுங்கோ, உடுப்பை எரிச்சாலும் பரவாயில்லை. குளிச்சாலும் பத்து நாளைக்கு நீங்கள் அந்தக் கொட்டில் பக்கம் போகாதேங்கோ. நாய், மாடு இருக்கிற வளவுகளுக்குப் போகாத ஆள் ஆரும் இருந்தா அவையைச் சாப்பாடு வைக்கச் சொல்லுங்கோ."

அந்த ஊரில் நாயில்லாத வீடு எங்கே தேட? எண்ணிப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோயிலுக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் நடக்காத கால்களும் அங்கேதான் இருந்தன.

பாலை நிலையத்தில் இறக்கி, அங்கேயே குளித்து, கடன் வாங்கிய உடுப்போடும் வெறுங்காலோடும் பெரியப்பா வீட்டுப் படலைக்கு வெளியே போய் நின்றாள்.

"என்னா கோலம் இது? உள்ள வா."

"வரமாட்டன் பெரியப்பா. நீங்கள் அங்கயே நிண்டு கேளுங்கோ." அவள் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "போன வருசம் அந்த நாலு குட்டியையும் சாகடிச்சது நான்தான். கண்ணூறு இல்லை. என்ர செருப்பிலதான் வந்தது. நானே கொண்டுவந்து அதுகளின்ர வாயடியில வச்சனான். இண்டைக்கும் நோய்க்குட்டி ஒண்டைத் தூக்கி மடியில வச்சிட்டன். இனி என்னால என்ர குட்டியளுக்குக் கிட்டப் போகேலாது. அந்தப் பலகை உங்களுக்கு எழுதினதில்லை, பெரியப்பா. எனக்கு எழுதினது."

முத்துலிங்கம் உள்ளே போய்த் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"குட்டிக்கு என்னா குடுக்கணும்? சோறா, பாலா?"

ரோட்டில் அவர் முன்னே நடக்க, பத்தடி தள்ளி அவள் பின்னே நடந்தாள். தன் வீட்டுப் படலைக்கு வெளியே அவள் நின்றுகொண்டாள். அவர் பலகையை இன்னொருதரம் வாசித்தார். குனிந்து தோல் செருப்பைக் கழற்றி, தூசியைத் தட்டி, வேலிக்கட்டையில் உயரமாகக் கொழுவினார். பேசின் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்.

பத்து நாள் காலையும் பின்னேரமும் வந்தார். கௌசலா வீட்டுக்குள் முன்னறையோடு இருந்துகொள்வாள். பின்னேரத்தில் பின்வேலிக்கு வெளியே ஒழுங்கையில் போய் நிற்பாள். அவர் பாதிக்கதவுக்கு மேலாகக் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்.

"பாத்துக்க தாயி. ஒன்னு. ரெண்டு. இவன் சாப்பாட்டு ராமன். நாலு. இது கொஞ்சம் மந்தமா இருக்கு... இல்ல இல்ல, கொட்டாவி விடுது. அழாத. அஞ்சு."

பத்தாம் நாளும் ஐந்துதான். அதற்கடுத்த கிழமை சாரங்கா படலையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து முதல் ஊசி போட்டாள். பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு இரண்டு கிழமையைக் கௌசலா கலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டுக் கழித்தாள். அந்தக் கடைசிக் கோடு போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்குப் பலகையைக் கழற்றி, பேசினைக் கவிழ்த்துவிட்டு, கொட்டில் கதவைத் திறந்தாள். நான்கு மாதக் குட்டிகள் ஐந்தும் முதன்முதலாக மண்ணைக் கண்டு, பயந்து நின்று, பிறகு கண்மண் தெரியாமல் ஓடின. முருங்கைக்காய்ப் பையோடு வந்த பெரியப்பா பழக்கத்தில் படலையடியில் குனிந்தார்.

"போட்டுக்கொண்டு வாங்கோ பெரியப்பா! நேர வாங்கோ!"

அவர் செருப்போடு முற்றம் முழுக்க நிமிர்ந்து நடந்து வந்தார். வாசற்படியில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஒரு கால் வைத்திருப்பார், அந்தச் சாப்பாட்டு ராமன் எங்கிருந்தோ பாய்ந்து வந்து ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. கௌசலா 'ஐயோ' என்று கத்திக்கொண்டு துரத்தினாள். தோல் வார் அறுந்து தொங்கிற்று.

பெரியப்பா படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"வுடு தாயி," என்றார். "கடிக்கட்டும்."