ஈரக் குடை

குடைத்துணியின் ஈர வாடையில் உதகையின் சாரல் இன்னும் கூடவே வருகிறது. அரக்கோணத்தில் மாறிய பாசஞ்சர் திருவாலங்காட்டில் நின்றுவிட்டது. பெட்டியில் நான் மட்டும்தான். நேற்று வழியனுப்பவும் ஆளில்லை, பட்டணத்தில் காத்திருக்கவும் ஆளில்லை.

தண்டவாளத்துக்கு அப்பால் கதிர் விடும் நெல் வாடுகிறது. மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு பல்பை அணைக்காமலே விட்டிருக்கிறார்கள். மலை அணைகள் வற்றியதால் மின்வெட்டு. மின்சாரம் வந்தால் பல்பு சொல்லிவிடும். வயல்காரி ஒருத்தி ஜன்னலுக்கு வந்து குடையைத் தொடுகிறாள்.

"இன்னா நைனா, ஈரமாக்கீது? எங்க மழ?"

"ஊட்டியிலம்மா. விடாம கொட்டுது."

"அணை ரொம்புமா?"

"ரொம்பும்."

"அப்ப கரண்ட்டு வந்துடும். மோட்டாரு வந்தப்புறந்தான் எங்க ஊட்ல ரெண்டு போகம். இந்தப் பயிரு போச்சுன்னா அம்மாம் பேரும் பட்டினி."

குடையை ஜன்னல் வழியே வாங்கி, துணியைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறாள். வண்டி நகர்கிறது. பல்பு எரியவில்லை, அவள் முகம் மட்டும் தெளிந்திருக்கிறது. குடையை என் கையில் திணித்துக் கூடவே ஓடி வருகிறாள்.

"அடுத்த தபா வரச்சொல்லோ இத்த நனைச்சிகினே வா நைனா, நான் இங்கதான் பாத்துகினு இருப்பேன்!"